காயம் ஏற்பட்ட விதம்

களுவாஞ்சிக்குடி ஆசுபத்திரியில்
வெளிநோயாளர் ஜன்னலுக்கு உள்ளே நான்.
படிவத்தில் ஏழாம் கட்டம்: காயம் ஏற்பட்ட விதம்.
ஒன்றரை அங்குலம்.
அதற்குள் ஒரு மனிதர் முழுதாக விழுந்து முடிக்க வேண்டும்.

'விழுந்தார்' என்று எழுதினால் போதுமாம்.
ஒன்பது வருடமாய் எழுதுகிறேன்.
ஜன்னலுக்கு அப்பால் ஒருவரும் சும்மா விழுவதில்லை.
சறுக்குகிறார்கள், தடக்குப்படுகிறார்கள்,
குப்புற, மல்லாக்க, குண்டி அடிபட.
தொப்பெண்டு விழுந்தால் வயல்,
பொத்தெண்டு விழுந்தால் கடற்கரை,
சளாரெண்டால் வாவி.
தடாலெண்டு சொன்னால் சீமெந்து:
கேட்காமலே எக்ஸ்ரே துண்டை எடுத்துவைப்பேன்.
இதெல்லாம் கூட வருகிறவர்கள் சொல்வது.
விழுந்தவருக்கு நினைவிருப்பது வானம் மட்டும்.

புதன்கிழமை, குருமண்வெளித் துறை.
மண்டூருக்குக் கலியாணப் பலகாரத்தோடு வீரக்குட்டி,
ஒரு கால் துறையில், ஒரு கால் பாதையில்.
எங்கள் பக்கம் பாதை என்றால் மிதப்பது,
ஆளையும் ஆட்டையும் மோட்டார் சைக்கிளையும்
அக்கரைக்கு ஏற்றிப் போவது.
அது நகர்ந்தது.
இரண்டு காலுக்கும் நடுவில்
மட்டக்களப்பு வாவி மெல்ல மெல்ல அகலமானது.
"பாயுங்க!" என்றார்கள் பாதையில் நின்றவர்கள்.
"பாயாதீங்க!" என்றார்கள் துறையில் நின்றவர்கள்.
அவர் இரண்டு பேச்சையும் கேட்டு
பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினார்.

மச்சான் நேசதுரை இதைச் சொல்லவில்லை,
செய்து காட்டினார்.
ஜன்னலுக்கு முன்னால் காலை அகட்டி,
கண்ணை முழுசி,
இல்லாத பெட்டி கையில் நடுங்க.
வரிசை குலுங்கியது.
காய்ச்சல்காரர் போர்வைக்குள் சிரித்தார்.
ஊசிக்கு அழுத பிள்ளை அழுகையைப் பாதியில் விட்டு
"இன்னொருக்கா" என்றது.

வாங்கிலில் நீர் சொட்டச் சொட்ட வீரக்குட்டி:
"நான் விழல்ல, இறங்கின."
மீசையில் மண் இல்லைதான்.
பாசி இருந்தது.

எனக்குச் சிக்கல் இங்கேதான்.
நேசதுரை அதைப் பகிடி என்றார்.
பகிடி, பார்த்தவனுக்குச் சொந்தம்.
தாதி சேட்டை என்றா;
அந்தச் சொல்லுக்கு ஐம்பத்தெட்டு வயது கூடுதல்.
மனைவி சதானந்தி மட்டும்
"இந்த மனிசன்ட கூத்தப் பாருங்க மிஸ்" என்றா.
கூத்து என்று சொல்வது
செலவு கட்டப் போகிறவர்கள்.
கோமாளித்தனம் என்று ஒருவரும் சொல்லவில்லை.
அது ஆள் பக்கத்தில் இல்லாதபோது
சொல்வதற்கு வைத்திருக்கும் சொல்.

காலை நீட்டிக்கொண்டு அவர் உள்ளே போனார்.
எக்ஸ்ரே வரும்வரை
நடந்தது எந்தச் சொல் என்று
இந்த உலகத்தில் எவருக்கும் தெரியாது.
முறிவு இருந்தால் விபத்து.
அப்போது வரிசை முழுக்க
கொடுப்புக்குள் வைத்திருக்கும் சிரிப்பை
விழுங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும்.
நேசதுரை, காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு
சுவரில் நுளம்புப் படம் பார்த்தார்.

முறிவு இல்லை. சுளுக்கு.

முதலில் வெடித்தது சதானந்தி.
அதுவரை ஒரு பல்லும் காட்டாதவ,
சேலைத் தலைப்பைக் கடித்து,
தூணைப் பிடித்து, தூணும் போதாமல்
விழுந்து விழுந்து சிரித்தா.
ஒருவரும் ஓடிப்போய்த் தூக்கவில்லை.
இதுவும் ஒரு விழுகைதானே,
இதற்கு மட்டும் படிவம் இல்லை.

பலகாரப் பெட்டி நனையவேயில்லை.
ஜன்னல் வழியாக ஓர் அரியதரம் வந்தது.
தின்றுகொண்டே எழுதினேன்:
'பாதையிலிருந்து விழுந்தார்.'

பின்னேரம் பெரிய கிளாக்கர் கூப்பிட்டார்.
வவுனியாவிலிருந்து மாற்றலாகி
வந்து மூன்று கிழமை.
"பாதையில விழுந்த ஆள் எப்பிடிப் பிள்ளை நனையிறது?"

ஒன்றரை அங்குலத்தில் இதை எப்படி விளக்க?
எழும்பினேன்.
கதிரையைத் தள்ளிவைத்தேன்.
பைல் கட்டு ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கி,
சேலை விட்ட அளவுக்கு
காலை அகட்டினேன்.